காலண்டரின் பின்பக்கத்தில் பொய் கிடையாது

'ராமன் மாம்பழம் சாப்பிடுகிறான்' என்று எழுதுவதற்கு முன்னால், ராமன் என்று ஒருவனைத் தேடிப் பிடித்து, அவன் கையில் மாம்பழத்தைக் கொடுத்து, அவன் கொட்டையைச் சப்பி முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் உதாரணம் அண்ணாச்சி. அந்த ராமன் எங்கள் பைண்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவன். மாம்பழம் என் டிபன் பாக்ஸில் இருந்தது. அதைக் கேட்காமல் எடுத்ததற்கு அண்ணாச்சி இன்றுவரை என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை.

நான் அப்போதுதான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிடிபி வேலைக்கு, அதாவது கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆமத்தூரிலிருந்து தினமும் கம்பெனி வேனில் போய் வருவேன். அண்ணாச்சி எங்கள் புரூஃப் ரீடர். தினசரி காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம், சூரிய உதயம் எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு தாளில் நேரம் மாறி விழுந்தால் தமிழ்நாட்டில் எத்தனை தாலி கெட்ட நேரத்தில் ஏறும் என்ற கவலையிலேயே அவருக்குத் தலைமுடி முழுக்கக் கொட்டிப்போனது. வலது காதில் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருப்பார், அது தப்புக்கு. இடது காதில் ஒரு நீலப் பென்சில், அது சந்தேகத்துக்கு. நீலப் பென்சில்தான் சீக்கிரம் தேயும்.

இந்த மனிதர் தான் உண்டு, தன் ராகு காலம் உண்டு என்று இருந்திருப்பார். முதலாளியின் மகன் கோயம்புத்தூரில் படித்து முடித்துவிட்டு வந்து அவரைக் கெடுத்தான். "தாளோட பின்பக்கம் சும்மாத்தானே கெடக்கு? தினம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை, தமிழ்ல அர்த்தம், கூட ஒரு உதாரண வாக்கியம் போடுவோம். அண்ணாச்சி பி.ஏ. இங்கிலீஷ்தானே, எழுதட்டும்" என்றான். வார்த்தைகளை எந்தத் தேதிக்கு எது என்று பிரித்து அவர் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிட்டான். வேறு யாராக இருந்தாலும் எங்கிருந்தாவது பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். அண்ணாச்சி நேராக முதலாளி ரூமுக்குப் போனார். நான் அங்கேதான் ஒரு கடைக்காரருடைய காலண்டர் அட்டை டிசைனைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"மொதலாளி, உதாரணம் நெசமா இருக்கணுமா, சும்மா இருந்தா போதுமா?"

"உதாரணம்னாலே சும்மாதானே அண்ணாச்சி?"

"அது எப்படி? முன்பக்கம் சூரிய உதயம்னு போடுறோம், அன்னைக்கு உதிக்குது. அமாவாசைன்னு போடுறோம், அன்னைக்கு நெலா வர மாட்டேங்குது. தாளைத் திருப்புனா மட்டும் பொய்யா? ரெண்டும் ஒரே தாளு மொதலாளி."

முதலாளிக்கு வெளியே பேப்பர் லோடு வந்து நின்றது. "சரி, நெசமாவே போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் அச்சகத்தின் நிம்மதி போனது. எங்கள் ஆஃப்செட் மெஷினை ஓட்டும் மாடசாமி மட்டும் வாசலில் மறித்துக் கேட்டார்.

"ஏன் அண்ணாச்சி, முன்பக்கம் ராசிபலன் இருக்கே, அது நெசமா?"

"அது சோசியர் பாடு. எனக்குப் பின்பக்கம்தான்."

'கனமான' என்ற வார்த்தை வந்தது. யானை கனமானது என்று எழுதலாம் என்றேன். "பாத்தியா?" என்றார். பார்க்காமல் என்ன, யானை என்றால் கனமாகத்தான் இருக்கும் என்றேன். கோயில் திருவிழாவுக்கு யானை வரும்வரை காத்திருந்து, போய், அதன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "ஆமா, கனமாத்தான் இருக்கு" என்றார். யானையும் தன்னை யாரோ சரிபார்க்கிறார்கள் என்று தெரிந்ததுபோல அசையாமல் நின்றதாம்.

'அமைதியான' என்ற வார்த்தைக்கு, 'மெஷின் அமைதியாக இருக்கிறது' என்று எழுத ஆசைப்பட்டார். எங்கள் மெஷின் ஓடும்போது பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள்கூடக் கத்தித்தான் பேசுவார்கள். அதனால் கரண்ட் போகட்டும் என்று காத்திருந்தார். வேளைக்கு ஒரு தடவை போகிற கரண்ட், அந்த வாரம் பார்த்துப் போகவே இல்லை. ஒரு மத்தியானம் கரண்ட் போனதும் மொத்த அச்சகமும் கை தட்டியது. வெளியே நின்ற ஆர்டர் பார்ட்டி, யாருக்கோ கல்யாணம் முடிவாகிவிட்டது என்று நினைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

'நேரம் தவறாத' என்ற வார்த்தைக்கு ஒரு டவுன் பஸ்ஸை நம்பி ஒரு வாரம் ஸ்டாப்பில் நின்றார். கடைசியில் 'டவுன் பஸ் இஸ் நாட் பங்க்சுவல்' என்று எழுதிக் கொடுத்தார். இல்லை என்பதும் நிஜம்தானே என்பது அவர் வாதம். அந்தத் தாள் அப்படியே அச்சாகி, தமிழ்நாட்டுப் பாத்திரக் கடை, நகைக் கடை, உரக்கடை எல்லாவற்றிலும் ஆணியில் தொங்கியது. யாரும் மறுத்துப் பேசவில்லை.

இப்படியே அடுத்த வருஷத்துக் காலண்டர் வேலையும் வந்தது. ஆடிப்பெருக்கு அன்று புதுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்துக்குப் பூஜை போட்டு ஏஜெண்டுகளிடம் கொடுப்பது சிவகாசி வழக்கம். ஆடி பிறக்கும் முன்பே எங்கள் தேதித் தாள்கள் அச்சுப் பிளேட்டுக்குப் போய்விட வேண்டும். ஆனி மாதக் கடைசியில் எல்லாத் தாளும் தயார். ஒரே ஒரு தாள் மட்டும் பின்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. தை மாதத்தில் ஒரு வளர்பிறை முகூர்த்த நாள். வார்த்தை, 'அமீனபிள்.' அர்த்தம், இசைவான, மனம் ஒப்பி இணங்குகிற.

அப்படி ஒரு ஆள் சிவகாசியில் கிடைக்கவில்லை.

முதலில் முதலாளியிடம் போய், ஒரு நாள் லீவுக்கு அவர் இணக்கமா என்று கேட்டார். "ஆல்பம் பூசை முடியட்டும், பாக்கலாம்." அவர் தேறவில்லை. மாடசாமியிடம் ஓவர்டைம் பார்க்க இணக்கமா என்று கேட்டார். "பாக்குறேன்" என்றார் மாடசாமி. அண்ணாச்சி அவர் முகத்தையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது இணங்குன மூஞ்சி மாதிரி தெரியலயே" என்று திரும்பிவிட்டார். பேப்பர் லோடு கொண்டுவருகிற டிரைவர் எதைக் கேட்டாலும் சரி என்பவர். அவரையும் வேண்டாம் என்றார். "அவன் எல்லாருக்கும் சரி சொல்லுவான், ஒண்ணும் செய்ய மாட்டான். சரி சொல்லுறவன் வேற, இணங்குறவன் வேற." வீட்டில் மனைவியிடமும் கேட்டிருக்கிறார். அதை அவரே எங்களிடம் சொன்னார்.

"நீ இணக்கமான்னு கேட்டேன். எதுக்குன்னா. எதுக்குன்னு இல்ல, பொதுவான்னு சொன்னேன். பொதுவா மாட்டேன்னுட்டா."

வார்த்தையையே மாற்றிவிடலாமே என்று முதலாளி மகன் சொன்னான். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். "ஊருல ஒருத்தரும் இணங்கலைங்கிறதுக்காக ஒரு வார்த்தையையே அகராதியில இருந்து எடுத்துருவீகளா தம்பி?" என்றார். அப்படியானால் 'நாட்' போட்டு முடியுங்கள் என்றார் மாடசாமி. முகூர்த்த நாள் தாளில் 'இல்லை' என்ற சொல் வரக்கூடாது என்பது முதலாளியின் பிடிவாதம். ஆனால் மெஷின் சும்மா நிற்கிறதைப் பார்த்துப் பார்த்து அவரும் இறங்கி வந்து, "வேற வழியே இல்லைன்னா நாட் போட்டுத் தொலைங்க" என்று சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்ல வேண்டும். அதே ஆனி மாதத்தில் எனக்கும் ஒரு சம்மதம் கிடைக்காமல் கிடந்தது.

எனக்கு ஏழாயிரம்பண்ணையில் மாப்பிள்ளை பேசி, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை பெயர் காளிராஜ். ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்பும் பிரிவில் வேலை. பார்க்கவும் நன்றாக இருந்தார், சிரிக்கவும் தெரிந்திருந்தது. எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. பூ வைத்த பிறகு அவருடைய அம்மா சோலையம்மாள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக்கூடாது. நான் போவேன் என்று திருப்பிச் சொல்லி அனுப்பினேன். என் அப்பாவோ, "அந்தப் பிரஸ் வேலைக்காவ ஒரு நல்ல எடத்தை விடுவியா?" என்று என்மேல் பாய்ந்தார். எனக்கு மாப்பிள்ளையும் வேண்டும், வேலையும் வேண்டும். இது பேராசையா என்ன?

காளிராஜ் போனில் தினமும், "அம்மாட்ட பேசுறேன்" என்பார். பேசுவதற்கு வீட்டுக்குள் போவார். சாப்பிட்டுவிட்டு வெளியே வருவார். ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். அதற்குள் ஒரு முடிவு சொல்லாவிட்டால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று இரண்டு வீட்டிலுமே முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அச்சகத்தில் இந்த விவகாரம் மெஷினுக்குக்கூடத் தெரியும். அண்ணாச்சி ஒரு நாள் காலையில் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"ராணி, ஒன் மாமியா ஆவப்போறவுக இணங்கிட்டாகளா?"

"இல்ல அண்ணாச்சி."

"கேட்டியா?"

"ஆளு விட்டுக் கேட்டாச்சு."

"நேருல?"

"நேருல யாரு போயிக் கேக்கிறது?"

"ஓ" என்று நீலப் பென்சிலை இடது காதிலிருந்து எடுத்து, மறுபடி அங்கேயே வைத்துக்கொண்டு போனார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. டீக்கடைக்காரர்தான் சொன்னார். "அண்ணாச்சி காலையில பட்டாசுக் கம்பெனி வேனுல ஏறிப் போறாகளே. ஏளாயிரம்பண்ணைக்குன்னு சொன்னாக. ஏதோ ஒரு வாக்கியம் எடுக்கணுமாம்."

அந்த மனிதருக்குப் பொய் வராது. ஒரு பெண்ணைப் பற்றிச் சம்பந்தி வீட்டில் நிஜம் மட்டுமே பேசுகிற ஆளை விட்டால் எந்தக் கல்யாணம் நடக்கும்? காளிராஜுக்குப் போன் போட்டேன். பட்டாசுக் கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விட மாட்டார்கள். வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது யாரும் எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. மாடசாமியின் மனைவியின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் காய்ந்த காடும், வேலிக்கருவேலும், தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு ரூம்களும். அந்த வெயிலில் அண்ணாச்சியைத் திட்டுவதற்கு எனக்கு ஏழாயிரம்பண்ணை வரை வார்த்தை போதவில்லை.

வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பது முறை இல்லை. ஸ்கூட்டியை வேலி ஓரம் விட்டுவிட்டுத் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக வைத்திருந்த சுவரின் பக்கம் ஒதுங்கி நின்றேன். உள்ளே முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். சோலையம்மாள் எதிரே தரையில் உட்கார்ந்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"நான் வேன் ஏறி வேலைக்குப் போனப்ப இவன் பால் குடிக்கிற பிள்ள அண்ணாச்சி" என்று சோலையம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். "விடியுமுன்ன ஏறுவேன். பொளுது சாஞ்சு வாரப்ப கையி, மொகம், தலை எல்லாம் அந்த வெள்ளை மருந்து. பிள்ள என்னைக் கண்டு பயந்துக்கிட்டு எங்கிட்ட வரமாட்டான். அன்னைக்கே நெனச்சேன், என் வீட்டுக்கு வார புள்ளைய ஒருநாளும் வேன் ஏற விடக்கூடாதுன்னு. அதுக்குத்தான் வேண்டாங்கேன். அந்தப் புள்ள என்னைக் கொடுமைக்காரின்னு நெனச்சிருக்கும்."

நினைத்துத்தான் இருந்தேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"அது பட்டாசு வேன். இது காலண்டர் வேன்" என்றார் அண்ணாச்சி.

"வேன் வேன்தான்."

அண்ணாச்சி வாதாடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "சரி தாயி. அப்ப இப்படி எளுதிக்கிடுறேன். சோலையம்மாள் இஸ் நாட் அமீனபிள்."

"அப்படின்னா?"

"'நாட்'னா இல்ல. சோலையம்மாளுக்குச் சம்மதமில்லைன்னு அர்த்தம்."

"அதை எதுக்கு எளுதுதீக?"

"காலண்டர்ல போட."

மிளகாய்க் காம்பு கிள்ளும் சத்தம் நின்றது.

"எந்தக் காலண்டர்ல?"

"அடுத்த வருச தினசரிக் காலண்டர்ல. தை மாசம், வளர்பிறை முகூர்த்த நாளு. தாளுக்குப் பின்பக்கம் வரும்."

"எம்புட்டுப் பேரு வீட்ல தொங்கும்?"

"அம்புட்டுப் பேரு வீட்லயும் தொங்கும்."

சோலையம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். ராகு காலம் பார்க்காமல் மிளகாய்கூட வாங்காத மனுஷி அவர். "நல்லா இருக்கே! வளர்பிறை முகூர்த்தத்துல என் பேரைப் போட்டு, பக்கத்துல மாட்டேன்னு போடுவீகளா? ஊரெல்லாம் தாலி கட்டுற நாளுய்யா அது. அந்த நாளைக்கு எவளாவது மாட்டேன்னு சொல்லுவாளா? எம் பேரை எடுங்க. வேற ஆளு பேரைப் போடுங்க."

"வேற ஆளு பேரைப் போட்டா அவுககிட்ட கேக்கணும் தாயி. சிவகாசி பூராக் கேட்டாச்சு."

"அப்ப அந்த 'நாட்'டை எடுங்க."

"எடுக்கலாம். ஆனா நெசமா இருக்கணும். காலண்டருக்காவ சம்மதம்னா அது செல்லாது."

அந்த அம்மா இறங்கி வருகிற நேரத்தில் இவர் பிடித்து நிறுத்துகிறாரே. ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தலாமா என்று இருந்தது. சோலையம்மாள் மறுபடி உட்கார்ந்தார். முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அங்கன அந்தப் புள்ள என்ன வேலை பாக்கு?"

"கம்ப்யூட்டர்ல எளுத்து அடிக்கும்."

"கையில மருந்து கிருந்து படுமா?"

"மையி கூடப் படாது. அது மெசின்காரவுகளுக்குத்தான்."

"வெக்கையா இருக்குமோ?"

"ஏசி ரூமு. மனுசருக்காவ போட்டது இல்ல, கம்ப்யூட்டருக்காவ போட்டது. ஆனாலும் குளுந்துதான் இருக்கும்."

"சோறு நேரத்துக்குத் திங்குதா?"

"திங்கும். நேத்து மொச்சைக் கொளம்பு. எனக்கும் தந்துச்சு. உப்பு கொஞ்சம் கூட."

அதை யார் கேட்டது? சுவருக்கு வெளியே நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

"சாயங்காலம் நேரத்துக்கு விட்ருவாகளா?"

"விடுவாக. சீசன்ல விட மாட்டாக. இருட்டிரும். கண்ணு எரியுதுன்னு சொல்லும்."

போச்சு. எல்லாம் போச்சு. ஆவணியும் போச்சு, காளிராஜும் போச்சு.

"கோவம் வருமோ?"

"வரும் தாயி. போன வாரம் என்மேல ஸ்கேலை எறிஞ்சிருச்சு."

"எதுக்கு?"

"தப்பு எம்மேலதான். அது அடிச்ச ஒரு தாளையே நாலு தரம் திருத்தச் சொன்னேன். ஆனா எறிஞ்சுட்டுத் திரும்பவும் உக்காந்து திருத்திருச்சு. அந்தப் புள்ள அடிச்ச தாளுல நான் பென்சில எடுக்கிறது கம்மி. அதை விட்டா எனக்கு அங்கன ஆளு கெடையாது."

இதை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. உதாரணம் கிடைப்பதற்காகச் சொன்னதாகவே இருந்தாலும் பொய்யாக இருக்க முடியாது, ஏனென்றால் அவர் உதாரணத்தில் பொய் சொல்ல மாட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சோலையம்மாள் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. "பொண்ணுக்காவப் பேச வந்துட்டு இம்புட்டுக் கொறை சொல்லுற ஆளை நான் பாத்ததில்ல. தரகரு வந்தாரு, தங்கம்னாரு. அவுக அப்பா வந்தாரு, வெள்ளின்னாரு. என் மவன் வந்து நின்னுட்டுச் சோத்தைப் போடுங்கான். நீக சொல்லுறதைத்தான் நம்பலாம்போல இருக்கு." பிறகு முறத்தைத் தட்டி வைத்துவிட்டு, "வேன் எங்கன நிக்கும்?" என்று கேட்டார்.

"இங்கன வராது. மெயின் ரோட்டு விலக்கு வரைக்கும்தான்."

"அப்ப அங்கன வரைக்கும் காளிராசு பைக்குல கொண்டாந்து விடட்டும். அம்மாட்ட பேசுறேன் பேசுறேன்னு சுத்துனான்ல, இந்த ஒரு வேலையாவது செய்யட்டும்."

அண்ணாச்சி நீலப் பென்சிலைத் தொடவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து, தாளில் இருந்த 'நாட்'டை ஒரே கோட்டில் அடித்தார். "வேன் எங்கன நிக்கும்னு கேட்டுட்டீகள்ல. அது இணங்குன கேள்விதான்" என்றார்.

"அது சரி. செவத்துக்கு வெளிய நிக்கிறவள உள்ள வரச் சொல்லுங்க. வண்டிச் சத்தம் கேட்டு எம்புட்டு நேரமாச்சு. வெயில்ல நிக்கா, பாவம்."

நான் எப்படி உள்ளே போனேன், என்ன பேசினேன் என்பது எதுவும் எனக்கு நினைவில்லை. மோர் குடித்தது மட்டும் நினைவிருக்கிறது. அதில் உப்பு சரியாக இருந்தது. திரும்பி வரும்போது அண்ணாச்சி ஸ்கூட்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்தார். "ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்றேன். "எதுக்கு?" என்றார். அவர் வந்தது ஒரு வாக்கியத்துக்கு, வாக்கியம் கிடைத்துவிட்டது. என் கல்யாணம் வழியில் ஒட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். நான் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

தாள் அன்றே பிளேட்டுக்குப் போனது. "யாரு இது சோலையம்மாள்?" என்று முதலாளி கேட்டார். "இணங்குனவுக" என்றார் அண்ணாச்சி. சும்மா நின்ற மெஷின் ஓட ஆரம்பித்தபோது மாடசாமி என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். காளிராஜ் போன் செய்து, "அம்மாட்ட பேசி முடிச்சிட்டேன்" என்றார். நானும் ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தை மாதம் அந்த முகூர்த்த நாள் வந்ததும் என் மாமியார் விடிந்ததும் விடியாததுமாகத் தாளைத் திருப்பிப் பிடித்து மகனை வாசிக்கச் சொன்னார். 'சோலையம்மாள் இஸ் அமீனபிள்.' தெருவில் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தூத்துக்குடியில் ஒரு மளிகைக் கடையில் பார்த்ததாக ஒரு சொந்தக்காரர் போன் செய்தார். மறுநாள் காலையில் மாமியார் தாளைக் கிழிக்கவில்லை, அதற்கடுத்த நாளும் கிழிக்கவில்லை. ஊரெல்லாம் மாசி வந்த பிறகும் எங்கள் வீட்டில் அதே முகூர்த்த நாள்தான். நல்ல நேரம் பார்க்க நாங்கள் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

அண்ணாச்சி போன வருஷம் கண் ஆபரேஷனுக்குப் பிறகு வேலையிலிருந்து நின்றுகொண்டார். இப்போது விருதுநகரில் மகள் வீட்டில் இருக்கிறார். பின்பக்கம் என் பொறுப்பு. உட்கார்ந்த இடத்திலேயே எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் போன மாதம் 'ஈரமான' என்ற வார்த்தைக்காக, மழை வரட்டும் என்று காத்திருந்தேன். விருதுநகர் ஜில்லாக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய காத்திருப்பு என்று தெரியும்.

இதை எழுதி முடித்ததும் போனில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். வரிக்கு வரி நிறுத்தினார்.

"யானையோட காலைத் தொடல, தும்பிக்கையத்தான் தொட்டேன். மாத்து. எனக்கு முடி கொட்டுனது எங்க அப்பா வழி. ராகு காலத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அடி. ராமன் கொட்டையச் சப்பல, கீள போட்டுட்டான். அதையும் அடி."

நான் எதையும் மாற்றவில்லை, அடிக்கவுமில்லை. இது காலண்டர் இல்லையே. கடைசியாக எழுதி வைத்திருந்த ஒரு வரியை மட்டும் வாசித்தேன். 'அண்ணாச்சி இல்லாத அச்சகத்தில் எங்கள் கண் அவரைத் தேடுகிறது.'

இந்த வரிக்கு மட்டும் 'அடி' வரவில்லை.

"நெசமா தாயி?"

"நெசம் அண்ணாச்சி."

"அப்ப அது இருக்கட்டும்" என்றார்.